பார்த்து எழுதுவதிலிருந்து சான்று காட்டுவது வரை: செவிலியர் கல்வியில் எழுத்து நேர்மையின் வரலாறு

பிறர் எழுதியதைத் தம்முடையதாகக் காட்டி ஒப்படைக்கலாகாது என்பது இன்று செவிலியர் கல்லூரிகளில் முதலாமாண்டிலேயே சொல்லப்படும் விதிகளுள் ஒன்று. எழுத்துத் திருட்டு எனப்படும் இக்குற்றம், மற்றவரின் சொற்களையோ கருத்தையோ தரவுகளையோ எடுத்தாண்டுவிட்டு, எடுத்த இடத்தைச் சொல்லாமல் விடுவதைக் குறிக்கும். எல்லாக் கல்வித்துறைகளுக்கும் பொதுவான இவ்விதி செவிலியத்துறைக்குள் முழு வலிமையோடு நுழைந்தது அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு அத்துறை தன் மாணவியரைப் பார்த்து எழுதுவதிலேயே பழக்கி வந்தது. சொல்லிக்கொடுத்ததைச் சொன்னபடியே எழுதுபவர் நல்ல மாணவி, எழுதியிருப்பதை எழுதியபடியே செய்பவர் நல்ல செவிலி என்ற இரண்டு நம்பிக்கைகளின்மேல் எழுந்த அக்கல்வி, பல்கலைக்கழகத்துக்குள் வந்த பிறகு அதே பழக்கத்தைக் குற்றம் என்று அழைக்க நேர்ந்தது. ஆயினும் யார் சொன்னது, யார் கண்டது, எப்போது கண்டது என்பவற்றைப் பெயரோடும் நேரத்தோடும் எழுதும் ஒழுக்கமும் அதே துறையின் வார்டுகளில் வளர்ந்திருந்தது. இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று அறியாமல் நெடுங்காலம் அருகருகே நடந்து வந்ததே செவிலியர் கல்வியில் எழுத்து நேர்மையின் வரலாறு.

நைட்டிங்கேல் பள்ளியின் குறிப்பேடுகள்

கிரிமியப் போருக்குப் பின் பிரிட்டிஷ் மக்கள் திரட்டித் தந்த சுமார் 44,000 பவுன் நிதியைக் கொண்டு, இலண்டன் செயிண்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860-ஆம் ஆண்டு ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் தொடங்கிவைத்த பள்ளியே இன்றைய செவிலியர் கல்வியின் தோற்றுவாயாகக் கொள்ளப்படுகிறது. முதல் அணியில் சேர்ந்த 15 பயிற்சிச் செவிலியர் மேட்ரன் சாரா வார்ட்ரோப்பரின் மேற்பார்வையில் வார்டில் வேலை செய்துகொண்டே பயின்றனர். மருத்துவர்கள் நடத்திய வகுப்புகளில் கேட்டவற்றைக் குறிப்பெடுப்பதும், அன்றாட வேலையை நாட்குறிப்பாக எழுதுவதும் அவர்கள் கடமைகளாயின. அவ்வேடுகளை நைட்டிங்கேல் தாமே வாங்கிப் படிப்பதும் உண்டு.

அக்குறிப்பேடுகளின் இயல்பைப் புரிந்துகொள்ள அக்காலத்தில் நூல்கள் இருந்த நிலையை நினைவில் கொள்ள வேண்டும். நைட்டிங்கேலின் ‘செவிலியம் பற்றிய குறிப்புகள்’ என்ற நூல் பள்ளி தொடங்கும் தறுவாயில் வெளிவந்ததாயினும், அது வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டதேயன்றி மாணவியருக்கான பாடநூல் அன்று. அமெரிக்காவில் செவிலி ஒருவர் எழுதிய முதல் பாடநூல் எனப்படும் கிளாரா வீக்ஸின் நூல் 1885-இல்தான் அச்சேறியது. கையில் பாடநூல் இல்லாத இடத்தில், மருத்துவரின் வாய்ச்சொல்லைப் பிழையின்றி எழுதிய குறிப்பேடே பாடநூலாயிற்று. அதைத் தன் சொற்களில் மாற்றி எழுதுவது திறமையாக எண்ணப்படவில்லை, தவறு நேர வழியாகவே எண்ணப்பட்டது. மருந்தின் அளவையோ கிருமிநாசினிக் கரைசலின் விகிதத்தையோ ஒருவர் தம் விருப்பப்படி மாற்றிச் சொல்வதால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதால், அவ்வெண்ணத்துக்குத் தக்க காரணமும் இருந்தது.

இதே பள்ளியில் இன்னொரு பதிவும் இருந்தது. ஒவ்வொரு பயிற்சிச் செவிலியின் நடத்தையையும் வேலைத்திறனையும் மாதந்தோறும் ஒரு படிவத்தில் குறித்து வைத்தார்கள். காலந்தவறாமை, அமைதி ஆகியவற்றோடு நம்பகமும் அப்படிவத்தில் மதிப்பிடப்படும் பண்பாக இடம்பெற்றது. செவிலியின் சொல்லை நம்பியே மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்கிறார் என்பதால், நம்பகம் தொழில் தகுதியின் ஓர் உறுப்பாகத் தொடக்கத்திலேயே கொள்ளப்பட்டது. ஆனால் அந்த நம்பகம் வார்டில் அவர் சொல்வதையும் செய்வதையும் பற்றியதாகவே இருந்தது. அவர் தம் குறிப்பேட்டில் எழுதியிருப்பது யாருடைய சொல் என்ற கேள்வியை அப்போது எவரும் எழுப்பவில்லை.

வார்டின் பதிவும் செய்முறை ஏடும்

அமெரிக்காவில் 1873-இல் பயிற்சி முடித்துச் சான்று பெற்ற லிண்டா ரிச்சர்ட்ஸ், நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் இரவுப் பொறுப்பில் இருந்தபோது, நோயாளி ஒவ்வொருவரின் நிலையையும் எழுத்தில் பதிந்துவைக்கும் வழக்கத்துக்கு வித்திட்டார் என்பது செவிலியர் வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. வாய்மொழியாகப் பகல் முறையினர் இரவு முறையினருக்குச் சொல்லிவந்தவை இவ்வாறு ஏட்டுக்கு வந்தபோது, சில விதிகளும் நாளடைவில் வந்து சேர்ந்தன. தான் செய்யாததைச் செய்ததாக எழுதக்கூடாது. பிறர் செய்ததற்குத் தான் கையொப்பமிடக்கூடாது. மருத்துவர் வாய்மொழியாகவோ தொலைபேசியிலோ இட்ட கட்டளையை எழுதும்போது அவர் பெயரையும் நேரத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் அதை அவர் கூற்றாகவே எழுத வேண்டும், செவிலியின் முடிவாக எழுதலாகாது. சான்று காட்டுதல் என்று பல்கலைக்கழகங்கள் அழைக்கும் ஒழுக்கத்தின் கூறுகள் அனைத்தும், அப்பெயர் இல்லாமலேயே, இவ்விதிகளில் அடங்கியிருந்தன.

வகுப்பறை வேறு திசையில் சென்றது. பள்ளிகள் பெருகப் பெருக, எல்லாப் பள்ளிகளிலும் ஒரே தரம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. அமெரிக்காவில் செவிலியர் கல்விக்கான தேசியக் கழகம் 1917-இல் பொதுப் பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டது. பிரிட்டனில் 1919-ஆம் ஆண்டின் செவிலியர் பதிவுச் சட்டத்தைத் தொடர்ந்து 1925 முதல் அரசுத் தேர்வு நடைபெற்றது. தேர்வும் பாடத்திட்டமும் ஒரே விடையை எதிர்பார்த்தன; மருத்துவமனைகள் படுக்கை விரிப்பது முதல் காயத்துக்குக் கட்டுப்போடுவது வரை ஒவ்வொரு வேலைக்கும் படிப்படியான செய்முறை ஏடுகளை வகுத்துத் தந்தன. இவ்வேடுகளை மாணவியர் தம் கையால் படியெடுத்து, ஆசிரியையின் கையொப்பம் பெற்று வைத்திருப்பது பயிற்சியின் ஒரு பகுதியாயிற்று. எழுதி எழுதிக் கை பழகினால் வேலையும் பழகும் என்பதே அதன் பின்னிருந்த எண்ணம்.

பல்கலைக்கழகம் கேட்ட கேள்வி

செவிலியம் பல்கலைக்கழகத்துக்குள் சென்ற வழி நீண்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் 1899-இல் செவிலியருக்கான படிப்பு தொடங்கியது; அங்கே அடிலெய்டு நட்டிங் 1907-இல் உலகின் முதல் செவிலியப் பேராசிரியரானார். மினசோட்டா பல்கலைக்கழகம் 1909-இலும் யேல் பல்கலைக்கழகம் 1923-இலும் தத்தம் செவிலியர் பள்ளிகளைத் தொடங்கின. பிரிட்டனில் எடின்பரோ பல்கலைக்கழகம் 1956-இல் அதற்கெனத் தனித்துறை அமைத்தது. இங்கெல்லாம் மாணவியரிடம் கேட்கப்பட்ட கேள்வியே மாறிவிட்டது. எப்படிச் செய்வது என்று கேட்டுவந்த கல்வி, அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எதைக்கொண்டு சொல்கிறாய் என்று கேட்கத் தொடங்கியது. அதற்கு விடை சொல்ல ஆய்வு வேண்டும். ஆய்வைச் சுட்டிக்காட்ட இதழ்களும், இதழ்களில் உள்ளவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க அடைவுகளும் வேண்டும்.

அந்தக் கருவிகள் மெல்லவே வந்தன. அமெரிக்கச் செவிலியர் இதழ் 1900-இல் வெளிவரத் தொடங்கியபோதிலும், ஆய்வுக்கென்றே ஓர் இதழ் 1952-இல்தான் தோன்றியது. விர்ஜீனியா ஹெண்டர்சன் யேலில் இருந்தபடி, 1900 முதல் 1959 வரை ஆங்கிலத்தில் வெளிவந்த செவிலிய ஆய்வுகளையும் அவை சார்ந்த எழுத்துகளையும் நான்கு தொகுதிகளில் அடைவு செய்தார். பின்னால் வருபவர் முன்னால் எழுதியவரைப் பெயர் சொல்லிச் சுட்டுவதற்கான அடிப்படை வசதியை இவ்வுழைப்பே ஏற்படுத்திக் கொடுத்தது. ஹெண்டர்சன் மற்றொரு வகையிலும் முன்மாதிரியானார். பெர்தா ஹார்மர் 1922-இல் எழுதிய பாடநூலை அவர் பின்னர்த் திருத்தி விரித்து எழுதினார். 1955-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் செவிலியத்துக்கான தம் புகழ்பெற்ற வரையறையையும் சேர்த்தார். அப்போதும் நூலின் முகப்பில் ஹார்மரின் பெயர் அவர் பெயரோடு நின்றது. எடுத்துக்கொள்வதற்கும் திருடுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அம்முகப்பே விளக்கிவிடுகிறது.

சுட்டிக்காட்டும் முறைகள் பிற துறைகளிலிருந்து வந்தன. எழுத்தாளர் பெயரையும் ஆண்டையும் வாக்கியத்தின் இடையிலேயே அடைப்புக்குறிக்குள் தரும் முறையின் தொடக்கம், ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்ட் மார்க் தோட்டத்து ஓடில்லா நத்தையினம் ஒன்றைப் பற்றி 1881-இல் எழுதிய கட்டுரையில் காணப்படுகிறது. உளவியலாளர்கள் 1929-இல் தம் இதழ்களுக்காக வகுத்த சில பக்க நெறிமுறை நாளடைவில் பெருநூலாக வளர்ந்து, ஏபிஏ முறை என்ற பெயரில் செவிலியர் கல்லூரிகளில் பரவியது. மேற்கோள்களுக்கு வரிசை எண் இட்டு இறுதியில் பட்டியலிடும் வான்கூவர் முறை, மருத்துவ இதழாசிரியர்கள் 1978-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடியதன் விளைவு. செவிலிய மாணவர் தம் கட்டுரையில் மேற்கோள் காட்டும் முறை இவ்வாறு முழுவதும் இரவலாகவே வந்ததால், அது தம் தொழிலோடு தொடர்பில்லாத அலங்காரச் சடங்கு என்ற எண்ணம் அவர்களிடம் ஊன்றுவது எளிதாயிற்று.

தமிழகத்தின் ரெகார்டு நோட்டு

தமிழகத்தில் இவ்வரலாற்றின் இரு முனைகளும் மிக நெருங்கி நின்றன. வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடரின் மருத்துவமனையோடு இணைந்து 1909-இல் டீலியா ஹௌட்டன் தொடங்கிய செவிலியர் பள்ளி, 1946-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்போடு இளநிலைப் பட்டம் வழங்கும் கல்லூரியாயிற்று. அதே ஆண்டில் டில்லியிலும் அத்தகைய பட்டப்படிப்பு தொடங்கியது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய செவிலியர் மன்றம் நாடு முழுவதற்கும் பாடத்திட்டத்தை வகுத்தது. பட்டம் வந்த பின்னும் பழைய பயிற்சிப் பள்ளியின் ஏடுகள் கூடவே வந்தன: ஒவ்வொரு பருவத்திலும் இத்தனை கேர் பிளான், இத்தனை கேஸ் ஸ்டடி, இத்தனை செய்முறைப் பதிவு என்று எண்ணிக்கையால் நிறைவு செய்யப்படும் ரெகார்டு நோட்டுகளே மாணவரின் எழுத்து வேலையில் பெரும்பகுதியாயின.

கேர் பிளான் என்பது நோயாளி ஒருவருக்கு வேண்டிய செவிலியப் பராமரிப்பைக் கட்டங்களில் திட்டமிடும் படிவம். நோயாளியிடம் கண்டதும் கேட்டதும் முதல் கட்டத்திலும், அவற்றிலிருந்து செவிலி உணரும் பிரச்சினை அடுத்த கட்டத்திலும், எட்ட வேண்டிய இலக்கு, செய்யும் வேலை, அதற்கான காரணம், விளைவு ஆகியவை அடுத்தடுத்த கட்டங்களிலும் எழுதப்படும். அறுபதுகளில் செவிலியச் செயல்முறை என்ற கோட்பாடு அமெரிக்காவில் உருப்பெற்றபோது, ஒவ்வொரு நோயாளியையும் தனியாக எண்ணிப் பார்க்கச் செய்வதே இப்படிவத்தின் நோக்கமாக இருந்தது. நாள் முழுதும் வார்டிலும் மாலையில் வகுப்பிலும் நின்ற மாணவர் இரவு விடுதியில் ஆறேழு கேர் பிளான்களை ஒருங்கே முடிக்க வேண்டியிருந்தால், சீனியரின் பழைய ரெகார்டு கைமாறுவது இயல்பாகிவிடும். அப்போது சீனியரின் நோயாளிக்கு இருந்த காய்ச்சல், பத்துக் கட்டில் தள்ளிப் படுத்திருக்கும், காய்ச்சலே இல்லாத வேறொருவருக்கு ஏட்டில் வந்துவிடுகிறது. நோயாளியைத் தனித்தனியே எண்ணிப் பார்க்க வந்த படிவம், நோயாளியைப் பார்க்காமலேயே நிரப்பக்கூடிய படிவமாகிறது. முதுநிலை ஆய்வேடுகளிலும் இதன் தொடர்ச்சி உண்டு: கற்பித்தல் திட்டம் ஒன்றின் பயனை அளக்கும் ஆய்வில் நோயின் பெயரும் ஊரின் பெயரும் மாற, முன்னுரையும் இலக்கிய ஆய்வும் ஏறக்குறைய அப்படியே இடம்பெயர்வதைத் தேர்வாளர்கள் நன்கறிவார்கள்.

குற்றமாக ஆன காலம்

எண்பதுகளில் இப்பழக்கம் ஆராய்ச்சிப் பொருளாயிற்று. கெயில் ஹில்பர்ட் 1985-இல் வெளியிட்ட ஆய்வு, வகுப்பறையில் நேர்மை தவறும் மாணவரிடம் வார்டிலும் நேர்மைத் தவறுகள் கூடுதலாகக் காணப்படுவதை எடுத்துக்காட்டி, இரண்டையும் தனித்தனியே பார்க்கும் வழக்கத்தை அசைத்தது. கல்வி நேர்மை பற்றிப் பல்லாண்டு ஆராய்ந்த டொனால்டு மெக்கேப் 2009-இல் செவிலியர் பள்ளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், மாணவரில் பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு வகை முறைகேட்டைத் தாமே ஒப்புக்கொண்டிருந்தனர். பிரிட்டனில், 1986-இல் முன்மொழியப்பட்ட ‘பிராஜெக்ட் 2000’ திட்டத்தின் வழியே செவிலியர் பயிற்சி மருத்துவமனைப் பள்ளிகளிலிருந்து உயர்கல்வி நிறுவனங்களுக்கு இடம்பெயர்ந்தது. 2013 முதல் இங்கிலாந்தில் செவிலியர் பயிற்சிக்குப் புதிதாக வருபவர் பட்ட நிலைப் படிப்பிலேயே சேர வேண்டிய நிலை வந்தது. நீண்ட கட்டுரை எழுதியே பழகாத பலர் இதனால் கட்டுரையாலேயே மதிப்பிடப்பட்டனர். அந்நாட்டுச் செவிலியர் ஒழுங்கமைப்பு மன்றம் மாணவருக்குத் தந்த நடத்தை வழிகாட்டி, பிறர் படைப்பைத் தன்னுடையதாகக் காட்டுவதையும் பயிற்சி ஏட்டில் மேற்பார்வையாளரின் கையொப்பத்தைப் போலியாக இடுவதையும் ஒரே தலைப்பில், தொழில் தகுதியையே ஐயத்துக்குள்ளாக்கும் செயல்களாக வைத்தது.

இதே காலத்தில் கணினி வந்தது. கலிபோர்னியாவில் 1998-இல் உருவான டர்னிடின் போன்ற மென்பொருள்கள், மாணவரின் கட்டுரையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, இணையப் பக்கங்களோடும் முன்னர் ஒப்படைக்கப்பட்ட கட்டுரைகளோடும் ஒப்பிட்டு, ஒத்திருக்கும் பகுதியை விழுக்காடாகத் தருகின்றன. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிமுறைகள் இவ்விழுக்காட்டை அடிப்படையாகக் கொண்டு தண்டனையைப் படிநிலைப்படுத்தின: 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை, அதற்கு மேல் 40 வரை திருத்தி எழுத வேண்டும், 60 வரை ஓராண்டு ஒப்படைக்க இயலாது, 60-க்கு மேல் பதிவே நீக்கப்படும். எனினும் இவ்விதிமுறைகள் ஆய்வேடுகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் நூல்களையுமே தம் எல்லைக்குள் கொண்டுள்ளன. அசைன்மென்ட், பருவக் கட்டுரை, விடைத்தாள் போன்றவை வெளிப்படையாகவே விலக்கப்பட்டுள்ளன. ரெகார்டு நோட்டில் பழகிய கை ஆய்வேட்டுக்கு வரும்போதுதான் சட்டத்தைச் சந்திக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் பொறுப்பு முழுவதும் ஆசிரியரையே சேர்ந்தது.

விழுக்காடு தீர்ப்பாகவும் ஆகிவிடாது. கை கழுவும் படிகளையோ இரத்தம் ஏற்றும்போது சரிபார்க்க வேண்டியவற்றையோ எவர் எழுதினாலும் ஒன்றுபோலவே இருக்கும். 1973-இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் கூடிய மாநாட்டிலிருந்து வளர்ந்த செவிலிய நோயறிதல் பட்டியலின் தொடர்கள், எல்லா நாட்டுச் செவிலியரும் ஒரே பொருளில் புரிந்துகொள்ளும் பொருட்டு மாற்றாமல் ஆளவே உருவாக்கப்பட்டவை. ஆகவே எச்சொற்களைச் சொன்னபடியே எழுத வேண்டும், எவற்றை எழுதலாகாது என்ற பாகுபாடு மற்றத் துறைகளைவிடச் செவிலியத்தில் நுட்பமானது. பட்டியலின் தொடரைப் பட்டியலின் பெயரோடு ஆளலாம். அத்தொடர் இந்த நோயாளிக்கு ஏன் பொருந்துகிறது என்ற விளக்கம் மாணவருடையதாகவே இருக்க வேண்டும்.

கற்பிக்கும் முறையில் வந்த மாற்றம்

தண்டனையிலிருந்து கற்பித்தலுக்குக் கவனத்தைத் திருப்பியதில் எழுத்துக் கல்வி ஆய்வாளர் ரெபெக்கா மூர் ஹவர்டின் பங்கு பெரிது. மூல வாக்கியத்தின் கட்டமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு சில சொற்களை மட்டும் மாற்றி எழுதுவதை அவர் தொண்ணூறுகளில் ஒட்டுப்போட்ட எழுத்து என்ற பொருள்படும் பெயரிட்டு விளக்கி, அதைத் திருட்டு என்று தள்ளாமல், புரியாத பாடத்தோடு மாணவர் போராடும் இடைநிலை என்று வாதிட்டார். செவிலியர் வகுப்பில் அதன் வடிவம் எளிதில் அடையாளம் காணக்கூடியது. நீண்ட நேரம் ஒரே நிலையில் படுத்திருப்பவருக்கு எலும்பு துருத்திய இடங்களில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் உண்டாகும் என்று பாடநூலில் இருந்தால், வெகுநேரம் ஒரே விதமாகக் கிடப்பவருக்கு எலும்பு புடைத்த பகுதிகளில் குருதியோட்டம் தடைபட்டுப் படுக்கைப் புண் ஏற்படும் என்று மாணவர் எழுதுகிறார். மென்பொருள் இதைத் தப்பவிடலாம். ஆனால் இதை எழுதியவர் எதையும் கற்றிருக்கவில்லை. அதே மாணவர், இடுப்பெலும்பு முறிந்து இழுவிசைக் கட்டில் கிடக்கும் தம் நோயாளியை ஒருபுறமாகத் திருப்ப இயலாது என்பதையும், ஆகவே குதிகாலையும் பிட்டத்தையும் முறைதோறும் பார்த்துத் தோல் சிவந்திருக்கிறதா என்று குறிக்க வேண்டும் என்பதையும் எழுதி, பொதுக் கருத்துக்குப் பாடநூலைச் சுட்டினால், நூலாசிரியரின் பங்கும் மாணவரின் பங்கும் தாமே பிரிந்து நிற்கின்றன.

இந்தப் பிரிப்பு வார்டில் முன்னமே நடந்து வருவது. அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968-இல் முன்வைத்த பதிவுமுறை, நோயாளி சொன்னது, பரிசோதித்துக் கண்டது, அவற்றிலிருந்து கொண்ட முடிவு, இனிச் செய்யப்போவது என்று குறிப்பை நான்காகப் பகுத்தது. செவிலியரும் அதனை ஏற்றுக்கொண்டனர். நோயாளியின் கூற்றை அவர் பெயரிலும் தன் முடிவைத் தன் கையொப்பத்திலும் எழுதப் பழகிய மாணவருக்கு, நூலாசிரியரின் கூற்றை அவர் பெயரில் எழுதுவது புதிய ஒழுக்கமாகத் தோன்ற வேண்டியதில்லை. இத்தொடர்பைக் காட்டிக் கற்பிக்கும் ஆசிரியர்கள் முதல் வரைவை வாங்கிப் பார்க்கிறார்கள். கேர் பிளானை நோயாளியின் கட்டிலருகே நின்று வாய்மொழியாக விளக்கச் சொல்கிறார்கள். எண்ணிக்கையைக் குறைத்து, எழுதும் சிலவற்றை ஆழமாக எழுத வைக்கிறார்கள்.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த சாட்ஜிபிடி போன்ற கருவிகள் இச்சிக்கலின் வடிவத்தை மாற்றியுள்ளன. எவருடைய கட்டுரையோடும் ஒத்துப்போகாத, ஆனால் எந்த நோயாளியையும் பார்த்திராத கேர் பிளான் சில நொடிகளில் கிடைத்துவிடுகிறது. ஒற்றுமை விழுக்காடு அதைப் பிடிப்பதில்லை. ஒற்றுமையைத் தேடுவதையே எழுத்து நேர்மையின் காவலாக நம்பியிருந்த கல்லூரிகள் இதனால் திகைத்திருக்கலாம். வார்டின் பழைய விதிகளுக்கோ இதனால் பாதகம் ஒன்றுமில்லை. தான் காணாததைக் கண்டதாக எழுதக்கூடாது என்ற விதி, எழுதித் தந்தது சீனியரா இயந்திரமா என்று பார்ப்பதில்லை. செவிலியர் கல்வி பிற துறைகளிடம் இரவல் பெற்ற மேற்கோள் முறைகளுக்குத் தன் தொழிலிலிருந்தே காரணம் சொல்லத் தொடங்கும்போது, எழுத்துத் திருட்டைத் தவிர்ப்பது தேர்வு நேரத்து எச்சரிக்கையாக இராமல், வெப்பநிலையைத் தானே பார்த்துக் குறிப்பதைப் போன்ற அன்றாடப் பயிற்சியாகிவிடும்.